இந்த ஆத்துல ஒண்ணுமில்ல

புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அந்தக் கடைச் சுவரின் ஆணியில், ஒரு காலத்தில், மூன்று பேர் ஒரே தூண்டில் நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தக்கை, ஈயக்குண்டு, தூண்டில் முள்.

தக்கை மயிலிறகின் தண்டு. பிறந்த இடத்துப் பெருமை அதற்குக் கொஞ்சநஞ்சமில்லை. நான் ஆடினால்தான் மீன், நான் முழுகினால்தான் குழம்பு என்று சொல்லாத நாளே கிடையாது. முள் கடையில் வாங்கிய புதுசு. அதிகம் பேசாது, பேசினால் சுருக்கென்று இருக்கும். குண்டு இருக்கிறதே, அது வாயையே திறக்காது. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக லாரி ரிம்மில் அடித்து வைப்பார்களே ஒரு ஈயத்துண்டு, அதுதான் அது. கழன்று விழுந்ததைக் கடைக்காரன் எடுத்து, தட்டி உருட்டி, துளை போட்டு நரம்பில் கோத்துவிட்டான். எந்த லாரி, என்ன பாரம் ஏற்றினாய் என்று தக்கை நூறு தடவை கேட்டிருக்கும். குண்டு சொன்னதே இல்லை.

கடைக்காரன் பெயர் சோணைமுத்து. பிழைக்க வந்த ஊர் இது, வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன செய்தாலும் “நல்லா இருங்க” என்று சொல்லிவிடுவான். டீ கொடுத்தவரிடம் சொல்வான், வழி விட்டவரிடம் சொல்வான். தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கும்போது ஓட்டை இருக்கிற இடத்திலிருந்து குமிழி வருமில்லையா, அந்தக் குமிழியைப் பார்த்தும் “நல்லா இரு” என்பான். இந்த ஆளுக்கு மனுஷனுக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாது என்று தக்கை கேலி செய்யும்.

அவன் மனைவி சங்கரேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பால் போதவில்லை. குழந்தை உறிஞ்சும், கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். கூடவே சங்கரேஸ்வரியும் அழுவாள். ஆஸ்பத்திரி நர்ஸ், நன்றாகச் சாப்பிடு, கவலைப்படாதே, பால் தானாக வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவாள்.

அடுத்த வீட்டு ஜெயக்கொடி அக்காதான் கேட்டாள், உனக்கு எதுதான்டி சாப்பிடப் பிடிக்கும் என்று. கெளுத்திக் குழம்பு என்றாள் சங்கரேஸ்வரி. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று சோணைமுத்துவைக் கூப்பிட்டாள். “மார்க்கெட்ல விக்கிற பண்ணைக் கெளுத்தி வேணாம் தம்பி. சேத்துல கிடந்த நாட்டுக் கெளுத்தியா பார்த்துக் கொண்டா. அதுலதான் ருசி இருக்கு” என்றாள்.

அன்று மத்தியானமே சோணைமுத்து கடையில் ‘இப்போ வருவேன்’ பலகையை மாட்டினான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தோண்டி நாலைந்து மண்புழுவைக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டான். ஆணியிலிருந்து மூன்று பேரையும் இறக்கி, ஒரு மூங்கில் கம்பில் கட்டினான். மீன் கிடைக்கிற நல்ல தண்ணி எங்கே இருக்கிறது என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம் முன்பே விசாரித்திருந்தான். ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பினார்கள். கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். பக்கத்திலேயே கெளுத்திகுளம் என்று ஊர் இருக்கிறது, பேரிலேயே கெளுத்தியும் இருக்கிறது குளமும் இருக்கிறது, இதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும்?

டவுன் பஸ்ஸில் ஏறி, கெளுத்திகுளம் விலக்கில் இறங்கினான்.

இறங்கிச் சுற்றிப் பார்த்தால் வரிசையாக வீடுகள். ஒரு ஜவுளிக்கடை. ஒரு கல்யாண மண்டபம். தண்ணீர் என்று பார்த்தால் தெருக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான். சோணைமுத்து கையில் மூங்கில் கம்போடு நடு வெயிலில் நிற்க, பஸ்ஸிலிருந்த ஜனம் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

தக்கைக்கு அவமானமாகப் போய்விட்டது. பஸ் நிறுத்தப் பலகையைப் பார்த்து, குளம் எங்கேய்யா என்று அதட்டியது.

பலகைக்கு முதலில் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. “குளத்தையா கேட்ட? பதினெட்டு வருஷமா அடுத்த பஸ் எப்போன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நீங்கதான் முதமுதல்ல குளத்தைக் கேட்டு வந்திருக்கீங்க. அந்தக் குளத்துல மிச்சம் இருக்கிறது நான் மட்டும்தான்யா. என்மேல எழுதியிருக்கிறதுதான் குளம். அதுலயும் ‘கெ’ உதிர்ந்துபோச்சு.”

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ‘ளுத்திகுளம்’ என்றுதான் இருந்தது.

பலகை கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதே பெரிசு என்று அதற்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே இருந்த தண்ணீர் நிறைந்தால் பெரிய கண்மாய்க்குத்தான் போகும், அங்கே போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியது. அதே நேரத்தில், கம்போடு நின்றவன்மேல் இரக்கப்பட்டு ஒரு ஆட்டோக்காரரும் சோணைமுத்துவிடம் அதையேதான் சொன்னார். அவன் அவரிடம் “நல்லா இருங்கண்ணே” என்றான். இவ்வளவு நேரம் சாய்ந்து நிற்க இடம் தந்ததற்காகப் பலகையையும் ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தான்.

பெரிய கண்மாய் ஜோடித்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சுற்றிலும் கருங்கல் பதித்த கரை. நடைபாதை. வாத்து வடிவத்தில் படகுகள். ஆளுயர எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதி அதற்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். தக்கை சொக்கிப்போனது. மிதந்தால் இதில்தான் மிதக்க வேண்டும் என்றது.

சோணைமுத்து ஆள் இல்லாத ஓரமாகப் போய்த் தூண்டிலைப் போட்டான். குண்டு அடிக்குப் போனது. போன வேகத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

“பார்த்து இறங்குப்பா” என்றது கண்மாய். “கீழயும் கல்லு பதிச்சாச்சு. முன்னால ஆள் முங்குற சேறு இருந்துச்சு. அழுக்குன்னு சொல்லி வழிச்சு எடுத்துட்டாங்க.”

கெளுத்தி இருக்கிறதா என்று முள் கேட்டது.

 குத்தகைக்கு விட்ட கட்லாவும் ரோகும் இருக்கிறது, வேளாவேளைக்குத் தீவனம் வருகிறது என்று கண்மாய் சுற்றி வளைத்தது. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னது. “கெளுத்திக்கு ஒளிய சேறு வேணும்ல? சேத்தை எடுத்த அன்னைக்கே அதுவும் போயிருச்சு. எல்லாரும் என்னை அழகா இருக்கேன்னு சொல்றாங்க. நல்லாத்தான் இருக்கு கேக்க. ஆனா வயித்துக்குள்ள வெறிச்சுன்னு இருக்குப்பா.”

அதற்குள் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே தூண்டில் போடக் கூடாது, போர்டைப் பார்க்கவில்லையா என்று சத்தம் போட்டார். சோணைமுத்து பதறி, பிள்ளை பெற்ற வீடு, கெளுத்தி தேடி வந்தேன் என்று விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. மிஞ்சின தண்ணீர் வெளியே போகிற மறுகால் வழியாகப் போனால் ஆறு வரும், ஆனால் அதில் ஒன்றும் இல்லை தம்பி, சும்மா போய்ப் பார் என்றார். அவருக்கும் ஒரு “நல்லா இருங்க” கிடைத்தது.

நரம்பைச் சுற்றி எடுக்கும்போது கண்மாய் குண்டை மட்டும் கூப்பிட்டு, ஆற்று ஆத்தாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல் என்றது. ஆறு என்ற பேச்சை எடுத்ததிலிருந்து குண்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. தக்கை அதைக் கவனிக்கவில்லை. முள் கவனித்தது.

ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஆறு என்று பேர்தான். கண்ணுக்கு எட்டிய வரை பள்ளமும் மேடும். மணலைத் தோண்டித் தோண்டி எடுத்த குழிகளில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. தூரத்தில் புதுப்பாலம். அதன்மேல் ஒரு பஸ் போனது. பஸ்ஸிலிருந்து யாரோ, ‘அந்தக் காலத்துல இது ஆறு, இப்போ இந்த ஆத்துல ஒண்ணுமில்ல’ என்று பக்கத்து ஆளிடம் சொன்னது கீழேவரைக்கும் கேட்டது.

“கேட்டீகளா?” என்றது ஆறு. “ஒரு நாளைக்கு நூறு பஸ் போகுது. நூறு தடவை இதைச் சொல்லிட்டுத்தான் போறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு. ஒண்ணுமில்ல. திரும்பிப் போங்க.”

சோணைமுத்துவுக்கு இது எதுவும் கேட்காது இல்லையா. அவன் மணலில் உட்கார்ந்து, வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் சங்கரேஸ்வரி முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் அவனுக்குக் கவலை.

அப்போதுதான் குண்டு வாயைத் திறந்தது.

“ஆத்தா, உனக்கு ஒரு மடு இருக்குல்ல?”

மடு என்றால் ஆற்றில் தண்ணீர் வற்றாமல் நிற்கிற ஆழமான இடம்.  ஆறு குண்டை உற்றுப் பார்த்தது.

“உன்னைத் தெரியும்டா எனக்கு. நீ லாரிச் சக்கரத்துல சுத்துனவன்தானே?”

“ஆமா ஆத்தா.”

 தக்கை நூறு தடவை கேட்டும் கிடைக்காத பதில் அது.

“மணல் லாரிதான்” என்றது குண்டு. “மூணு வருஷம் உன்மேல ஏறி இறங்கினேன். எத்தனை லோடுன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் பழைய பாலத்துத் தூணுக்குப் பின்னால சக்கரம் புதைஞ்சுபோச்சு. ரெண்டு நாள் உன் சேத்துக்குள்ள கிடந்தேன். அப்போ ஏதோ வழுவழுன்னு பக்கத்துல வந்து, மீசையால என்னைத் தடவிப் பார்த்துச்சு. அதுவரைக்கும் என்னை எல்லாரும் சுத்தியலால அடிச்சுத்தான் பழக்கம். யாரும் அப்படித் தொட்டதே இல்ல. இங்க மணல் இல்ல, வெறும் சேறுன்னு சொல்லி அந்த இடத்தை மட்டும் லாரிக்காரங்க விட்டுட்டாங்க. எனக்கு இடம் தெரியும் ஆத்தா. உன்னைக் கேக்காம வாயைத் திறக்க மனசு வரல.”

 ஆற்றின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

“எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். மழை வந்து நான் மறுபடி ஓடும்போது இந்த ஆத்துல மீன்னு ஒண்ணு இருக்கணும்னா, அதுக்குள்ள கிடக்கிறதுதான் விதை. இன்னைக்கு உங்காளுக்குக் காட்டுறேன்னு வச்சுக்க. அவன் நாளைக்கு டீக்கடையில ஒரு வார்த்தை சொல்லுவான். மறுநாள் வலை வரும். அதுக்கு மறுநாள் பேட்டரியைத் தூக்கிட்டு வருவாங்க, தண்ணிக்குள்ள கரண்டை விட்டு குஞ்சுல இருந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவாங்க. ஒரு வாய் போதும்டா, என் கதை முடிஞ்சுரும்.”

அவன் சொல்வானா மாட்டானா என்று குண்டுக்கும் தெரியாது. அதனால் சத்தியம் எதுவும் பண்ணவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னது. பன்னிரண்டு நாள் குழந்தை. தாய்க்குப் பால் போதவில்லை. சோறும் இறங்கவில்லை. ஆசையாகக் கேட்டது கெளுத்தி ஒன்றைத்தான்.

“பால் இல்லையா?” என்றது ஆறு.

“இல்ல ஆத்தா.”

ஆறு பெருமூச்சு விட்டது. கரையில் ஒரு புழுதிச் சுழல் எழுந்து அடங்கியது.

“பசு பால் சுரக்கிற இடத்துக்கும் மடுன்னுதான் பேரு. எனக்கும் அதே பேரைத்தான் வச்சிருக்காங்க, சும்மாவா வச்சாங்க? மடு வத்துனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும். எந்திரிச்சு நடக்கச் சொல்லு உங்காளை.”

சோணைமுத்துவின் உள்ளங்காலில் மணல் குளிர்ந்தது. கட்டைவிரலால் கிண்டிப் பார்த்தான், ஈரம். அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டே நடந்தான். பழைய பாலத்தின் இடிந்த தூணைச் சுற்றிக் கோரை மண்டிக் கிடந்தது. விலக்கினால், பின்னால் இரண்டு அறை அகலத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர். வேறு யாராவது என்றால் சாக்கடை என்று திரும்பியிருப்பார்கள். சோணைமுத்துவும் திரும்பத்தான் பார்த்தான். அதற்குள் ஒரு குமிழி வந்தது.

குமிழி பார்ப்பது அவன் தொழில். ட்யூபில் ஓட்டை என்றால் குமிழி ஒரே இடத்தில் விடாமல் வரும். இது இங்கே ஒன்று, அங்கே ஒன்று, நிறுத்தி நிறுத்தி வந்தது. இது ஓட்டை இல்லை, மூச்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குண்டைப் போட்டு எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றை முகர்ந்து பார்த்தான். அழுகல் வாடை இல்லை. மழை பெய்த வயல் வாசம். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புழுவைக் கோத்துப் போட்ட சற்று நேரத்தில் தக்கை முழுகியது. இழுத்தால் ஒரு முழ நீளம், மீசையோடு, பளபளவென்று. ஆனால் வயிறு புடைத்திருந்தது. சினை. சோணைமுத்துவின் கை நின்றுவிட்டது. போன மாதம் சங்கரேஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறியது ஞாபகம் வந்தது அவனுக்கு. முள்ளை மெதுவாகக் கழற்றினான். கழற்றும்போது கெளுத்தி தன் செவுளோரத்து முள்ளால் உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்தியது. கை விண்ணென்று கடுத்தது. விரலை உதறிக்கொண்டே அதைத் தண்ணீரில் விட்டு, “போ, நல்லா இரு” என்றான்.

“என்னைவிட நல்லாக் குத்துது” என்றது முள். அதற்குக்கூட அன்று மனசு இளகியிருந்தது.

அடுத்து இரண்டு கெளுத்தி, சினையில்லாதது. சோணைமுத்து நரம்பைச் சுற்றிவிட்டான். இன்னும் புழு இருக்கிறது, இன்னும் இருபது பிடிக்கலாம் என்று தக்கை குதித்தது. அவன் மிச்சப் புழுவைச் சேற்றிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டான்.  எப்போதும் சொல்கிற வார்த்தைகூட வரவில்லை.

அன்றைக்கு சங்கரேஸ்வரி தட்டைத் தள்ளவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாளும் பழைய குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டாள். அதற்கடுத்த நாள் குழந்தை குடித்த வாயோடு தூங்கிப்போனது. குழம்பா, வயிறார உண்டதா, ஆசைப்பட்டதைப் புருஷன் தேடிக் கொண்டுவந்தானே என்ற நிறைவா, எதனால் என்று என்னால் சொல்ல முடியாது. ஜெயக்கொடி அக்கா மட்டும் கெளுத்திதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதுதான் வம்பாகிப்போனது.

மறுவாரம் ஒரு காலையில், கோழி ஏற்றிப் போகிற டெம்போ ஒன்று புதுப்பாலத்து நடுவில் டயர் வெடித்து நின்றது. சோணைமுத்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனான். சட்டைப் பையில் ஈயக்குண்டு இருந்தது. அன்றிலிருந்து அதை ராசி என்று கூடவே வைத்திருந்தான்.

டெம்போக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார். வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கூட மாட நின்று ஜாக்கியைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். “நாட்டுக் கெளுத்தி பிடிச்சியாமே தம்பி. எந்தத் தண்ணியில? நல்ல இடமா இருந்தா நம்மகிட்டயும் சொல்றது.” டெம்போ சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரியும், வயர் சுற்றிய இரண்டு கம்பியும் கிடந்தன.

குண்டுக்கு உயிரே போய்விட்டது. கைப்பிடித்து உதவின மனுஷன் கேட்கிறார். வாய்க்கு வாய் ‘நல்லா இருங்க’ என்கிற இந்த வெள்ளந்தி ஆள் எப்படி மறைப்பான்? கீழே ஆறும் கேட்டுவிட்டது. கோரைக்குப் பின்னால் மடுவில் குமிழி நின்றுபோனது.

சோணைமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தான். உள்ளங்கையில் கெளுத்தி குத்திய காயம் இன்னும் ஆறவில்லை. அதைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, பாலத்துக்குக் கீழே கையை நீட்டினான்.

“அந்தா பாருங்கண்ணே...”

குண்டு கண்ணை மூடிக்கொண்டது.

“பாருங்க, எப்படிக் கிடக்குன்னு. இதுல என்னத்தைப் பிடிக்க? இந்த ஆத்துல ஒண்ணுமில்லண்ணே. பேசாம கெளுத்திகுளம் விலக்குல போய் இறங்குங்க. பேரே அதுதானே.”

டெம்போக்காரர், அட ஆமாம், பேரிலேயே இருக்கிறதே என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பாலத்தின் மேலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆற்றுக்கு அன்றைக்குத்தான் அது ‘நல்லா இரு’ என்று கேட்டது.